அண்ணி கட்டச் சொன்ன கைப்பிடிச் சுவர்

என் அண்ணிக்குத் தெருவில் வைத்திருக்கும் பெயர் வசனக்காரி. அந்தப் பெயரைக் கிளப்பிவிட்டதே நான்தான் என்று அண்ணன் சொல்வான். நான் மறுத்ததும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை. முறைக்குத்தான் அவள் அண்ணி. வயதில் என்னைவிடச் சின்னவள் என்பதால் பேச்சில் எல்லாம் வா, போதான்.

வேதாகமம் படிக்கிறவர்கள் எங்கள் தெருவில் நிறையப் பேர் இருக்கிறார்கள். படித்ததை அன்றைக்கே செய்து முடிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பவள் இவள் ஒருத்திதான். சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் தேதி கிழிக்கிற காலண்டர் தொங்குகிறது. சபையில் கொடுத்தது. ஒவ்வொரு தாளிலும் அன்றைக்கு வாசிக்க வேண்டிய பகுதி அச்சிட்டிருக்கும். விடிந்து பால் பொங்குவதற்குள் அண்ணி முந்தின நாள் தாளைக் கிழிப்பாள். கிழித்ததை வேதாகமத்துக்குள் அடையாளமாகச் செருகிக்கொண்டு அன்றைய பகுதியை வீடே கேட்கும்படி வாசிப்பாள். மற்றவர்கள் அதற்கப்புறம் ஆமென் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவார்கள். இவளுக்கு அங்கேதான் வேலையே ஆரம்பம்.

மளிகைக் கடையில் எடை போடுவது அவள் உத்தியோகம். கள்ளத் தராசைப் பற்றி வாசித்த நாளில் கடைக்குப் போனவள், தராசுத் தட்டைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டி எடுத்துவிட்டாள். அது எப்படி அங்கே வந்தது என்று முதலாளியும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

"நாளைக்கு என்ன வசனம்னு இன்னைக்கே சொல்லிடும்மா. நான் கொஞ்சம் தயாரா இருந்துக்கறேன்" என்றார் அவர்.

"எனக்கே தெரியாதுங்க. முன்கூட்டிப் புரட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது."

பகைவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் தூக்கிவிடு என்று ஒருநாள் வந்தது. கழுதைக்கு எங்கே போவாய் என்று நான் சிரித்தேன். அன்று சாயங்காலம் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன், தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் எங்களோடு பேச்சை நிறுத்தியவர், வயர் சுருள்களோடும் ஸ்கூட்டரோடும் சாக்கடைப் பள்ளத்தில் சாய்ந்து கிடந்தார். அண்ணி ஓடிப்போய்த் தோள் கொடுத்து வண்டியை நிமிர்த்தினாள்.

"அண்ணி, கழுதை கிடைச்சிடுச்சு போலிருக்கே" என்றேன், அவர் காதில் விழும்படி.

அவர் மறுநாள் வந்து எங்கள் மீட்டர் பெட்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனார். கழுதைக் கதை இன்றுவரை அவருக்குப் புரியவில்லை.

இப்படி எத்தனையோ உண்டு. நோவா பேழை கட்டிய கதை வந்த நாளில், "இப்ப என்ன, கப்பல் கட்டப் போறியா?" என்று கேட்டேன். அவள் சமையலறைக் கூரையில் ஒழுகும் இடத்தைப் பார்த்துவிட்டு அண்ணனை ஏணி மேல் ஏற்றிவிட்டாள். அண்ணன் கொத்தனார். ஊரார் வீட்டு ஒழுகல் எல்லாம் அடைப்பான், சொந்த வீட்டுக்கு மட்டும் அடுத்த வாரம் என்பான். வேதாகமம் சொன்னால்தான் அந்த அடுத்த வாரம் வரும்.

இதுவரை சொன்னதெல்லாம் சிரிக்கிற கதை. இனிச் சொல்லப்போவதற்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

எங்கள் அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். மழையிலும் மூடுபனியிலும் வண்டியை ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்தியவர். "என் கண்ணு என்னை ஏமாத்தினதே இல்ல" என்பது அவர் பேச்சில் உப்பு மாதிரி. அந்தக் கண் கொஞ்சம் கொஞ்சமாக அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். டம்ளருக்குப் பக்கத்தில் தண்ணீர் ஊற்றுவார். கதவில் தொங்கும் அண்ணன் சட்டையைப் பார்த்து, "எப்ப வந்தே?" என்று கேட்பார். நாங்கள் தண்ணீரைத் துடைப்போம். சட்டைக்குப் பதிலாக யாராவது பதில் சொல்வோம். உனக்குக் கண் தெரியவில்லை என்று மட்டும் யாரும் வாய் திறக்கமாட்டோம். கண் டாக்டர் என்ற சொல்லை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிடுவார்.

அதோடு விட்டாலும் பரவாயில்லை. மொட்டைமாடியில் புறா வளர்க்கிறார். வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே தனியாகப் படியேறிப் போய்க் கூண்டைத் திறந்து தீனி வைப்பார். அந்த மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கிடையாது. மேலே இன்னொரு மாடி எழுப்பலாம் என்று கம்பிகளை நீட்டிவிட்டு அண்ணன் அப்படியே விட்ட வீடு அது. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர்கள் உயர்ந்து நிற்கின்றன, தெருப்பக்கத்தை மாடிப்படி அறை மறைத்துக்கொள்கிறது. பின்பக்கம் மட்டும் ஒன்றுமில்லை. அங்கிருந்து கால் தவறினால் இரண்டு மாடிக்குக் கீழே கருங்கல் பாவிய சந்து.

அண்ணன் ஒரு தடவை செங்கல் கொண்டுவந்து இறக்கினான். அப்பா பார்த்தார், இல்லை, தடவிப் பார்த்தார்.

"இது எதுக்கு?"

"சுவர் வைக்கலாம்னுப்பா. பாதுகாப்புக்கு."

"யாருக்குப் பாதுகாப்பு? நான் குருடன்னு ஊருக்கெல்லாம் செங்கல் அடுக்கிக் காட்டப் போறியா?"

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. செங்கல் மாடிப்படி மூலையில் அப்படியே கிடந்தது. தினமும் காலையில் மேலே அவர் செருப்புச் சத்தம் கேட்கும். அது திரும்பிப் படியிறங்கி வரும்வரை அண்ணிக்கு மூச்சு ஒழுங்காக வராது. எனக்கும்தான். ஆனால் நான் அதை எரிச்சலாகக் காட்டுவேன்.

ஒருநாள் பொறுக்காமல் அவளிடம் கேட்டேன். "உன் புத்தகத்துல டாக்டர்கிட்ட போன்னு எங்கயாவது இருக்கும்ல? தேடிப் பிடிச்சு சத்தமா வாசியேன். அப்பா கேட்டுக்கிட்டுதானே இருக்காரு."

அண்ணி மறுத்துத் தலையாட்டினாள். "தேடி எடுத்தா அது என் பேச்சு. தானா வந்தாத்தான் கர்த்தர் பேச்சு. என் பேச்சை அவர் பேர்ல சொல்லச் சொல்றியா?"

"அதுக்குள்ள ஏதாவது ஆயிட்டா?"

"அந்தப் பயம் எனக்கு இல்லேன்னா நினைக்கிறே?" என்றாள். கண் கலங்கிவிட்டது.

அப்போது காலண்டரில் வேதாகமத்தின் உபாகமம் பகுதி ஓடிக்கொண்டிருந்தது. அது முழுக்கச் சட்டதிட்டம். எனக்குக் கேட்டாலே கொட்டாவி வரும். அந்தக் காலையும் தையல் மெஷினுக்கு எண்ணெய் போட்டபடி காதைப் பாதி மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். அண்ணி தாளைக் கிழித்தாள், வாசிக்கத் தொடங்கினாள். வழிதவறிய மாடு, பறவைக்கூட்டில் தாயும் குஞ்சும் என்று போய்க்கொண்டிருந்தது. திடீரென்று அவள் குரல் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். அவள் விரல் ஒரு வரியில் இருந்தது. அதை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். புது வீடு கட்டுகிறவன் மாடிக்குக் கைப்பிடிச் சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்து அந்தப் பழி வீட்டின் மேல் வராதபடிக்கு.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. யாரும் எழுந்து அணைக்கவில்லை. அப்படி ஒரு வரி அந்தப் புத்தகத்தில் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் எழுதி வைத்தது, எங்கள் வீட்டுப் பின்பக்கத்தை நேரில் வந்து பார்த்தது போல இருந்தது.

அப்பாதான் முதலில் பேசினார். "அது புது வீட்டுக்குத்தானே சொல்லியிருக்கு? இது பழைய வீடு."

"நான் இன்னும் கட்டி முடிக்கலையேப்பா" என்றான் அண்ணன். "முடிக்காத வரைக்கும் புது வீடுதான்."

அப்பா தாடையைத் தடவிக்கொண்டார். டிரைவர் புத்தி. சட்டம் என்று ஒன்று எழுதியிருந்தால் அதற்கு மேல் வாதாட அவருக்கு வராது. "சரி, கட்டு" என்றார். "அந்தப் புத்தகத்துக்காகக் கட்டு. எனக்காக ஒண்ணும் வேண்டாம்."

அவர் மனம் மாறுவதற்குள் அண்ணன் அன்றைய வேலைக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டுச் சுண்ணாம்பும் மணலும் கொண்டுவந்தான். நான் செங்கல் எடுத்துக் கொடுக்க, அண்ணி தண்ணீர் சுமக்க, இருட்டுவதற்குள் பின்பக்கம் முழுக்க இடுப்புயரச் சுவர் எழும்பிவிட்டது. சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்துவிட்டு அண்ணன் திருப்தியாகக் கொத்துக்கரண்டியைக் கழுவினான்.

"யாரும் சாய்ஞ்சிடாதீங்க. சுண்ணாம்புக் கலவை, ரெண்டு நாளைக்குப் பச்சையாத்தான் இருக்கும். கையை வெச்சு அழுத்தினாக்கூட செங்கல் நகர்ந்துடும்."

மறுநாள் விடியற்காலை என்னை எழுப்பியது சந்தில் கல் விழும் சத்தம். ஒன்று, கொஞ்சம் இடைவெளி விட்டு இன்னொன்று. அண்ணன் படியை எப்படி ஏறினான் என்று தெரியாது. நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

அப்பா நின்றுகொண்டிருந்தார். சுவரின் மேல் வரிசையில் நடுவில் பல் விழுந்த மாதிரி ஒரு இடைவெளி. அந்த இடைவெளியில், ஈரக் கலவைக்குள், அவருடைய வலது கை விரல்கள் பதிந்திருந்தன. வயிறு அதற்கு அடுத்த கீழ் வரிசைச் செங்கலைத் தொட்டுக்கொண்டிருந்தது. கூண்டு அவர் முதுகுக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. தலைக்கு மேல் ஒரு புறா வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"கையை விட்டுப் பறந்துடுச்சுடா" என்றார், யார் வந்திருக்கிறோம் என்று தெரியாமலே. "சிறகு சத்தத்தைப் பிடிச்சிக்கிட்டே போனேன். கூண்டுப் பக்கம்தான் போறேன்னு நினைச்சேன். ஈரமா கையில பட்டுச்சு. என்னடான்னு தள்ளினேன். கல்லு போச்சு. ரொம்ப நேரம் கழிச்சுத்தான் கீழ விழற சத்தம் கேட்டுச்சு."

ஒரு ஆளைத் தாங்கும் பலம் அந்தச் சுவருக்கு அப்போது இல்லை. அண்ணனே சொன்னான். அது அவரைத் தாங்கவில்லை. சில்லென்று தொட்டு நிறுத்தியது, அவ்வளவுதான்.

கலவை தோலை அரிக்கும் என்று அண்ணன் அவரைக் கீழே கூட்டிவந்து, வாளித் தண்ணீரில் அந்தக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். அண்ணி என்ன செய்வது என்று தெரியாமல் வழக்கமான வேலையைச் செய்யப் போனாள். அடுப்பில் பாலை வைத்தாள், காலண்டரில் கை வைத்தாள்.

"இரு" என்றேன். என் போன் கையில் இருந்தது. "அதைக் கிழிக்காதே. அண்ணி, அதுல வியாழன்னு போட்டிருக்கு."

"ஆமா. அது நேத்துத் தாள்."

"நேத்து புதன். இன்னைக்குத்தான் வியாழன்."

எங்கள் வீட்டில் அந்தக் காலண்டரில் யாரும் தேதி பார்ப்பதில்லை, தேதிக்கு ஆளுக்கொரு போன் இருக்கிறது. அண்ணி வேதாகமத்தைத் திறந்து, நேற்று செருகிய தாளை எடுத்தாள். விரல் நகத்தால் ஓரத்தைப் பிரித்தாள். செவ்வாய்த் தாளின் முதுகில் புதன் தாள் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுப்பு ஆவியில் ஒட்டியிருக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் கிழித்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் தவறவிட்ட ஒரே தாள் அதுதான்.

அந்தச் சுவர் வசனம் இன்றைய வாசிப்பு, அதை ஒரு நாள் முன்னதாகவே வாசித்துவிட்டோம். ஒழுங்காகக் கிழித்திருந்தால், இதோ இந்த நேரத்தில்தான், பால் காயும்போதுதான், அதை வாசித்திருப்போம். அப்பா அதற்குள் மாடிக்குப் போயிருப்பார்.

தற்செயல் என்று நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். நானும் அந்தச் சொல்லை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் மடக்கிப் பேசுகிற என் வாய்க்கு அன்று அது ஒத்துவரவில்லை. அண்ணன் ஈரக் கையோடு சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஒண்ணும் பண்ணல" என்றாள் அண்ணி, ஏதோ திருடிப் பிடிபட்டவள் போல. "தப்பாக் கிழிச்சிட்டேன். வேற ஒண்ணும் பண்ணல." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது பயமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

அப்பா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் எங்கே இருக்கிறோம் என்று முகத்தை மெல்லத் திருப்பித் தேடினார். அவர் அப்படி வெளிப்படையாகத் தேடி நான் பார்த்ததில்லை.

"மருமகளே, எந்தப் பக்கம்மா இருக்கே?"

"இங்கதான் மாமா, அடுப்புகிட்ட."

"எனக்குக் கண்ணு தெரியலம்மா" என்றார். "ரொம்ப நாளாத் தெரியல. வெறும் நிழலாத்தான் தெரியுது. உங்க எல்லார் முகமும் மறந்துடுமோன்னு பயமா இருக்கு."

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய் அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறவில்லை. இன்னொரு கையையும் அவள் தோளில் வைத்துக்கொண்டார்.

அன்று அண்ணி கடைக்குப் போகவில்லை. கண் டாக்டரின் கிளினிக் திறக்கும் முன்பே இருவரும் கிளம்பிவிட்டார்கள். சந்தில் உடைந்து கிடந்த செங்கலருகே வந்ததும், "இங்க கல்லு கிடக்கு மாமா, சுத்திப் போகலாம்" என்று அவள் சொன்னது எனக்கு மாடியில் கேட்டது. "நீ சொல்றபடி வரேன்" என்றார் எங்கள் அப்பா.