தோண்டாமல் கண்ட பூக்குழி

எனக்குத் தற்பெருமை அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். இருக்கட்டுமே. எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போ வட்டாரத்தில் காந்தமானியைத் தூக்கிக்கொண்டு காடு மேடெல்லாம் நடந்த தமிழ்ப் பெண் வேறு யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

பழைய ஈயச் சுரங்க நிலங்களில் மண்ணுக்கடியில் என்ன இருக்கிறது என்று தோண்டாமல் அளந்து சொல்லும் ஒரு சின்ன அலுவலகத்தில் எனக்கு வேலை. அந்தச் சமயத்தில்தான் கோப்பெங் பக்கம் நாங்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தை விற்றார்கள். அங்கிருந்த மாரியம்மன் கோயிலைப் பழைய நிர்வாகம் எப்போதோ இடித்துவிட்டது. அம்மன் சிலை ஈப்போவை ஒட்டிய புந்தோங்கில் என் அக்காவின் வீட்டு முன்னறையில் இருந்தது.

"சாமிய வாடக வீட்டுல வச்சிருக்கேன்டி" என்று சொல்லிச் சொல்லி அக்கா மருகுவாள். நிலம் முழுவதும் எண்ணெய் எடுக்கும் செம்பனை நடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் புது மேனேஜரிடமே போய் நின்றாள். அவர் தமிழர்தான், கெட்டவரும் இல்லை.

"கோயில் எங்க இருந்துச்சுன்னு காட்டுங்க, அந்தத் துண்ட விட்டுடுறேன். சும்மா கைய காட்டுனா கம்பெனி ஒத்துக்காது. புல்டோசர் அனுப்புறேன், தோண்டிப் பாப்போம்" என்றார்.

அம்மன் நின்ற மண்ணில் இரும்பு படக்கூடாது என்று அக்கா குதித்தாள். கையைக் காட்டவும் வழியில்லை. ஆள் உயரத்துக்கு லாலாங் புல் மண்டிக் கிடந்தது. அங்கே குடியிருந்தவர்களே ஆளுக்கொரு பக்கம் காட்டினார்கள்.

"தோண்டாமலே நான் காட்டுறேன்" என்றேன். தைரியமாகச் சொல்லக் காரணம் இருந்தது. அந்தக் கோயிலில் வருடா வருடம் தீமிதி நடக்கும், எப்போதும் ஒரே இடத்தில்தான் பூக்குழி வெட்டுவார்கள். நெருப்பில் வெந்த மண் காந்தத்தன்மையைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மேலே எத்தனை புல் முளைத்தாலும் அது போகாது.

எங்கள் அலுவலகத்துச் சீன முதலாளி காந்தமானியை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். புல்லை வெட்டி, நைலான் கயிற்றை வரிசை வரிசையாக இழுத்துக் கட்டினோம். உணரி பொருத்திய கம்பத்தை அக்கா பிடித்தாள். நான் பெட்டியில் தெரியும் எண்ணைக் குறித்தேன். போகும்போது எண் ஏறியது, திரும்பி வரும்போது இறங்கியது. பக்கத்தில் எங்கோ இரும்பு இருந்தால்தான் இப்படி ஆடும். எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கொண்டை ஊசி, கைக்கடிகாரம், சாவி எல்லாவற்றையும் காலையிலேயே கழற்றி வேனில் வைத்திருந்தேன். பிறகுதான் அக்காவின் கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கொடியில் ஊக்குகள் கொத்தாகத் தொங்கின. இரும்பு படக்கூடாது என்று குதித்தவள் ஒரு இரும்புக்கடையையே மாட்டிக்கொண்டு நடந்திருக்கிறாள்.

"அக்கா, அத கழட்டு."

"தாலில கைய வைக்காதடி."

"தாலி தங்கம், அது இருக்கட்டும். ஊக்கத்தான் சொல்றேன்."

"ஒரு ஊக்குக்குப் போயி பயப்படுதா? நல்ல மிசினுலா ஒன்னோடது."

முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொன்றாகக் கழற்றினாள். முதல் வரிசையிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தோம்.

மதியத்துக்கு மேல் எண்கள் அடுத்தடுத்து எகிறின. கட்டத்தாளில் எண்களை எழுதி வண்ணப் பென்சிலால் தீட்டினேன். கிழக்கு மேற்காக நீண்ட செவ்வகம் ஒன்று வந்தது. அதன் நான்கு மூலைகளிலும் மூங்கில் குச்சி நட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் வந்து தாளைப் புரட்டிப் பார்த்தார். "பழைய புகைவீடா இருக்கலாம்ல? ரப்பர் ஷீட் காய வச்ச அடுப்பு?"

நல்ல கேள்விதான். "அடுப்புன்னா செங்கல் இருக்கும் சார், நம்பர் தாறுமாறா குதிக்கும். இது வெறும் மண்ணு. அதுவும் இவ்வளவு நீளம்."

"சரி, குழின்னே வச்சுக்குவோம். கோயில் எந்தப் பக்கம்? அத சொல்லுமா இந்த மிசினு?"

அதைச் சொல்லாது. கோயிலை அடியோடு பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். தீமிதியன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்த எனக்கும் எந்தப் பக்கம் என்று நினைவில்லை.

அக்கா செருப்பைக் கழற்றிவிட்டுக் கிழக்கு ஓரத்துக்குப் போனாள். குச்சிகளுக்கு நடுவே விறுவிறுவென்று நடந்து மேற்கு ஓரத்தைத் தாண்டி நின்றாள்.

"இங்க ஏறுனதும் கால நனைக்கிற பால்குழி. அதுக்கு நேரா அம்மா, நம்மளப் பாத்த மாரி."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பூக்குழில நான் எறங்கியிருக்கேன் சார். இவ அஞ்சாம் பாரம் பரீட்சை எழுதுன வருசம். பாசாகணும்னு வேண்டிக்கிட்டேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். பிறகு தன் ஆட்களைக் கூப்பிட்டு, அக்கா நின்ற இடத்தையும் சேர்த்துச் சுற்றிக் கட்டை அடிக்கச் சொன்னார்.

அந்த வேண்டுதலை அக்கா அதுவரை என்னிடம் சொன்னதே இல்லை. மண்ணெண்ணெய் விளக்கில் கண் எரியப் படித்ததால்தான் பாசானேன் என்று நான் போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வேன். அப்போதெல்லாம் பக்கத்தில் நின்று, "ஆமா, அவ கெட்டிக்காரி" என்று சொன்னவள் அவள்.