நான்கு விரல் கயிறு

2024 ஜூன் 16, ஞாயிறு. ஐந்து மணிக்கு எழுந்து, மலைத் தண்ணீர் விழும் பீலியில் குடம் பிடித்தேன். கொடகவெலயில் நான் கணக்கெழுதும் கடைக்கு அன்று விடுமுறை. வாரத்துக்கான சட்டைகளை இஸ்திரி போட்டேன். மனைவியின் இடுப்புக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். மலையில் வழுக்கி விழுந்தவள் இனித் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில், நாங்கள் இருக்கும் வீடு அவளுடைய வேலைக்காகக் கிடைத்தது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டைத் திருப்பிக் கேட்பார்கள். ஐம்பத்தைந்து வயதுக்காரனைப் புதிதாகப் பதியமாட்டார்கள். மிஞ்சியது மகள். அவளுக்குக் கல்வியியற் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. அவள் பேரைக் கொடுப்பதா, வீட்டை விடுவதா என்று மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டில் சொல்லியாக வேண்டும்.

மாலையில் மூவரும் அடுப்படியில் உட்கார்ந்தோம்.

“விட்டுட்டுப் போயிருவோங்க,” என்றாள் மனைவி. “கல்யாணம் கட்டிக்கிட்டோம்னு ரெண்டு வீட்லயும் நம்மள தொரத்திவிட்டப்ப ஓடைக்கரையில தகரம் அடிச்சு இருந்தோமே. மழைக்கு சட்டிய தலையில கவுத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. செத்தா போயிட்டோம்?”

“அப்ப எனக்கு இருபத்தாறு வயசு.”

“புத்தியும் இல்ல. அதனாலதான் பொழைச்சோம்,” என்று சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடைக்கரை மண் சரியும். அவள் இடுப்பு ஈரம் தாங்காது. டவுனில் வாடகை கட்டுப்படியாகாது. எல்லாமே சரியான காரணங்கள். எந்த வழியில் போனால் என்ன கெடும் என்பது இந்த வயதில் எனக்கு நன்றாகத் தெரிகிறது. தெரியத் தெரிய ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டே வந்தேன். கடைசியில் மகள் நின்ற இடம் மட்டும் மிஞ்சியது.

சொன்னேன்.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன், “நெதானமான ஆளு. தம்பி யோசிச்சா தப்பாப் போகாது,” என்றார்.

மகள் கோபப்படவில்லை. “காலேஜுக்கு என்னன்னுப்பா சொல்றது?” என்று மட்டும் கேட்டாள். அதை நான் யோசித்திருக்கவில்லை. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் எழுந்ததும் நான் தண்ணீருக்குப் போகவில்லை. மனைவியின் கொழுந்துக் கூடையை இறக்கினேன். மகள் அம்மாவைவிட உயரம். பழைய முடிச்சை அவிழ்த்து, தலையில் மாட்டும் கயிற்றை நான்கு விரல் நீட்டிக் கட்டினேன்.