நாலு லிட்டரில் தாராபுரம்: குண்டடத்துக்கு முன்னால் நின்ற என் மைலேஜ் கணக்கு

இது நடக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். வண்டி எங்கே நிற்கும், எத்தனை மணிக்கு நிற்கும் என்பது வரை கிளம்பும்போதே மனதில் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். சொன்னால் பயப்படுவார்களே என்றுதான் வாயைத் திறக்கவில்லை. பெட்ரோல் சிக்கனத்தில் மங்கலம் வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. பெரிய எஞ்சினியர்களே வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். எட்டாம் வகுப்பில் அறிவியலில் நான்தான் முதல். ஒன்பதாவது போகவில்லை, அது வேறு கதை.

போன வெள்ளிக்கிழமை அக்கா மகள் கவிதாவைத் தாராபுரம் கூட்டிப்போனேன். மங்கலத்திலிருந்து திருப்பூர், அவிநாசிபாளையம், குண்டடம் வழியாக என் மீட்டரில் ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். கவிதா பத்து மெஷின் போட்டுச் சொந்தமாக பனியன் யூனிட் நடத்துகிறாள். இதுவரை அடுத்தவர் ஆர்டருக்குத்தான் தைத்துக் கொடுத்தாள். முதல்முறையாக, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் அவளிடமே சாம்பிள் கேட்டிருந்தார். ஆறு சைஸ், ஆறு பனியன். பையரின் ஆள் தாராபுரத்தில் ஒரு கம்பெனிக்கு வந்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் காட்டினால் ஆர்டர் இவளுக்கு, பிந்தினால் வேறு யாருக்கோ. முந்தின நாளே சாம்பிள் பையை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டாள். வாடகை வண்டி பிடிக்கிறேன் என்றவளை நான்தான் தடுத்தேன். என்னுடையது கார்புரேட்டர் காலத்து வண்டி, ஆனாலும் என் கையில் லிட்டருக்குப் பதினெட்டு கொடுக்கும்.

எடை குறைந்தால் மைலேஜ் ஏறும். அதனால் ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் வீட்டிலேயே இறக்கி வைத்தேன். பெட்ரோலும் எடைதானே? டேங்க் காய்ந்திருந்தது. சரியாக நாலு லிட்டர் மட்டும் ஊற்றினேன், நானூற்று ஐந்து ரூபாய். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். ஏசி போடவில்லை, கண்ணாடியும் ஏற்றியாகிவிட்டது.

"மாமா, வேகுதுங்க. கண்ணாடிய எறக்கிக்கட்டுங்களா?"

"எறக்குனா காத்து உள்ள பூந்து வண்டியப் பின்னால இழுக்கும் கண்ணு. பொறுத்துக்க."

திருப்பூர் ஊருக்குள்ளேயே முக்கால் மணி நேரம் போய்விட்டது. அவிநாசிபாளையம் தாண்டும்போது மணி பத்து இருபது. அதன் பிறகு ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நாற்பதைத் தாண்டவில்லை. பக்கக் கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. பெட்ரோல் முள்ளோ நான் நினைத்ததைவிட இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்றை மறைக்கட்டும் என்று ஒரு லாரியின் முதுகோடு ஒட்டிப் போனேன். இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டினேன்.

"ஏனுங்க மாமா, முள்ளு செவப்புக்குப் போயிருச்சு."

"அந்த முள்ளு பொய் சொல்லும் கண்ணு."

குண்டடத்துக்கு மூன்று கிலோமீட்டர் முன்னால், பத்து ஐம்பதுக்கு வண்டி நின்றது. கவிதா பையை மடியில் இறுக்கிக்கொண்டு போனில் மணி பார்த்தாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

எதிரிலேயே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். தன் பைக்கிலிருந்து ஒரு லிட்டர் பெட்ரோலை உறிஞ்சி ஊற்றிக் கொடுத்தார். ஸ்டார்ட் பண்ணினால் மறுபடியும் புகை. பானெட்டைத் தூக்கி ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறந்தார். கவிதா தள்ளி நின்று பையரின் ஆளிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி இது, காத்து போற வழியில பனியனச் சுத்தி வச்சிருக்கிய? வண்டி எப்படி மூச்சு விடும்?"

மங்கலத்தில் எங்கள் வீட்டைச் சுற்றிலும் விசைத்தறி. பறக்கிற பஞ்சு மாதம் ஒரு ஃபில்டரை அடைத்துவிடும். அதைத் தடுக்க எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர் வைத்த துணி அது என்று சொன்னேன்.

"அவன் மெக்கானிக் இல்ல அண்ணாச்சி, டெய்லரு. கழுத்துப் பட்டையெல்லாம் அப்படியே இருக்கு பாருங்க."

துணியை வாங்கி வேலிக்கருவைக்குள் வீசினேன். அவர் ஃபில்டரைக் காற்றடித்து ஊதி மாட்டினார். பெட்ரோலோடு சேர்த்து இருநூறு ரூபாய். பதினொன்று பதினைந்துக்குக் கிளம்பி, பதினொன்று நாற்பத்தெட்டுக்குத் தாராபுரம் கம்பெனி வாசலில் நிறுத்தினேன். விமானம் ஓட்டுகிறவன்கூட அப்படி ஓட்டியிருக்க மாட்டான்.

உள்ளே மேஜையில் பனியன்களை அடுக்கினாள். ஐந்துதான் இருந்தன. எல் சைஸ் இல்லை. பையை உதறினாள், காருக்கு ஓடிவந்து சீட்டுக்கு அடியில் தேடினாள். பையரின் ஆள் ஐந்தையும் அளந்து பார்த்து, தையல் நன்றாக இருக்கிறது என்றார். எல் சைஸ் திங்கட்கிழமைக்குள் கைக்கு வரவேண்டும், அதைப் பார்த்துத்தான் ஆர்டர் என்றும் சொன்னார்.

திரும்பும்போது கவிதா பேக்கிங் பார்க்கும் சரசக்காவுக்குப் போன் போட்டாள். "ஆறு எண்ணி வெச்சேன்னு சொன்னீங்களேக்கா, ஒண்ணு எங்கீங்க? அழுதா ஆச்சுங்களா? நாளையிருந்து நீங்க வர வேண்டாங்க்கா." போனை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் ரோட்டையே பார்த்து ஓட்டினேன்.

இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு: போகும்போது வண்டி நின்ற இடம் வரைக்கும் லிட்டருக்குப் பத்தரை கிடைத்தது. துணியை எடுத்த பிறகு, தாராபுரத்தில் பெட்ரோல் போட்டுத் திரும்பி வரும்போது பதினேழு. ஃபில்டரை அடிக்கடி ஊதிச் சுத்தம் செய்யுங்கள், மேலே எதையும் சுற்றாதீர்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும். ஐம்பது அறுபதில் ஒரே சீராகப் போங்கள். நியூட்ரலும் லாரி முதுகும் வேண்டவே வேண்டாம். ஸ்டெப்னியும் பெட்ரோலும் எடை இல்லை, தைரியம். திருப்பூரை எட்டரைக்கு முன் தாண்டிவிடுங்கள்.

இன்னொன்று. மங்கலத்து மெக்கானிக் என்று மேலே எழுதியிருக்கிறேனே, அப்படி ஒருவர் கிடையாது. வியாழக்கிழமை சாயங்காலம் துணியைச் சுற்றியது நான். வண்டி துடைக்க வைத்திருக்கும் வேஸ்ட் துணிப் பையும் சாம்பிள் பையும் ஒன்றுபோல அருகருகே இருந்தன. வேஸ்ட் என்று நினைத்துத்தான் கைவிட்டு எடுத்தேன், இதில் பொய்யில்லை. கழுத்துப் பட்டையைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாய் வரவில்லை. கவிதா, சரசு ஆறும் சரியாகத்தான் எண்ணி வைத்தாள். அவளை வேலைக்கு வரச் சொல் கண்ணு.