அவர் பெயரைச் சொன்ன நாள்

யுத்த காலத்தில், ஸ்ரீரங்கத்தில் ஒரு டாக்டரம்மாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் எனக்குச் சீட்டு எழுதும் வேலை கிடைத்தது. கணவர் இறந்து வருஷம் திரும்பவில்லை.

முதல் நாள் காலை, திருவானைக்காவலிலிருந்து வண்டியில் வந்து இறங்கிய கர்ப்பிணியிடம் கணவர் பெயரைக் கேட்டேன். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாளே தவிர, சொல்லவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நாங்கள் நம்பிய காலம். நானும் அவர் இருந்தவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அவள் கோபுரத்தைக் கைகாட்டினாள். "உள்ளே படுத்திருக்கிற பெருமாள் பேருதாங்க."

"ரங்கநாதனா?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. என் கணவர் பெயரும் அதுதான். சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவள் என் வெறும் நெற்றியைப் பார்த்தாள். ஆறுதலாகத்தான் சொன்னாள்: "நீங்க தாராளமா சொல்லலாங்க. உங்களுக்கு இனிமே என்ன பயம்?"

சாயங்காலம் டாக்டரம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"இந்த ஊர்ல பாதிப் பேர் ரங்கநாதன்தாம்மா. சுமங்கலியை உட்கார வச்சா அவளும் வாயைத் திறக்க மாட்டா. அதுக்குத்தான் உன்னை வச்சேன்" என்றார்.

எஸ்.எஸ்.எல்.சி. பாஸானதற்காகத்தான் அந்த நாற்காலி கிடைத்தது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.