அண்ணையின் தச்சு மேசை

சொந்த வளவில் நிற்கும் பலாவானாலும் அனுமதியில்லாமல் தறிக்கக் கூடாது. கச்சேரியில் அரசாங்க உத்தியோகம் பார்த்தபோது ஊருக்கெல்லாம் இதை விளக்கியவன் நான். ஆகவே என் கையால் ஒரு தச்சு மேசை செய்ய விரும்பியதும், என் பலாவைத் தறிக்க முதலில் விண்ணப்பம் போட்டேன்.

பக்கத்து வளவில் இருக்கும் என் அண்ணை, அச்சுவேலித் தச்சர் ஒருவர் செய்த மேசையை வாங்கி இறக்கினார். மறுநாளே மதிலுக்கு மேலால் பலாச் சீவலின் மணம் வந்தது.

எங்களைப் பெற்ற ஐயாவின் தச்சுக் கொட்டிலில் இருந்த அதே மணம். ஞாயிறுகளில் ஐயா சீவுளியை அண்ணையிடம்தான் கொடுப்பார். "உனக்குக் கை பதறும். நீ சீவலைக் கூட்டு" என்பார் என்னிடம். மஞ்சள் சுருள்களைக் கூட்டியபடி, அண்ணைக்கும் ஒருநாள் பதறாதா என்று பார்த்திருப்பேன். பதறவேயில்லை.

"தம்பி, மரம் தறிக்க விட்டிட்டாங்களோ?" என்று மதிலுக்கு அப்பாலிருந்து அண்ணை கேட்டார்.

"முறைப்படி வரும்."

"வரேக்கை வரட்டும். இதிலை ஒருக்காச் சீவிப் பாரன். கூட்டிறதுக்கு நான் நிக்கிறன்."

எட்டு மாதம் மறுத்தேன். பிறகு ஒருநாள் மணம் தாங்காமல் போனேன். சீவும்போது கை பதறியது. அண்ணை குனிந்து சீவலைக் கூட்டினார். பெருந்தன்மையிலும் அவரே முந்திக்கொண்டார்.

அன்று மாடுகளுக்குப் பொங்கும் பட்டிப்பொங்கல். வீடு திரும்பியபோது அனுமதிக் கடிதம் வந்திருந்தது.