அப்பாவின் நாடியும் என் கட்டைவிரலும்

எண்பதுகளின் நடுவில், எர்ணாகுளத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அப்பாவின் நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தார்கள். துடிப்பு நிமிடத்துக்கு எழுபதுக்குக் குறையாதபடி அதை அமைத்திருப்பதாகவும், தினமும் காலையில் நாடியை எண்ணிப் பார்க்கும்படியும் டாக்டர் சொன்னார். அந்தப் பொறுப்பை நானே வலியப் போய் ஏற்றுக்கொண்டேன். எங்கள் மட்டாஞ்சேரி மிளகு பஜாரில் என்னைவிடத் தகுதியானவன் யார்?

அப்பாவும் நானும் மிளகுத் தரகர்கள். விலையை வாயால் சொல்ல மாட்டோம். துண்டுக்கு அடியில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து, விரலை அழுத்திப் பேசிக்கொள்வோம். கையைத் தொட்டாலே விற்பவனின் அவசரம் எனக்குத் தெரிந்துவிடும் என்று ஐம்பத்தைந்து வயதிலும் பீற்றிக்கொண்டு திரிந்தவன் நான். அப்பாவின் மணிக்கட்டையும் அதே வியாபாரப் பிடியாக, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தேன்.

முதல் வாரமே துடிப்பு தாறுமாறாக இருந்தது. இரண்டு அடித்து ஒன்றை விழுங்கும். பிறகு நாய் துரத்தினாற்போல ஓடும். மெஷின் கெட்டுவிட்டது என்று நானே தீர்மானித்து, அப்பாவைக் கட்டிலில் கிடத்தினேன். மாடிப்படி கூடாது, சாயா கூடாது, பஜார் பக்கம் தலைகாட்டவே கூடாது.

"எனக்கு ஒரு குழப்பமும் இல்லடா, உடம்பு நல்லாத்தான் இருக்கு. என்னைப் போக விடு" என்றார் அப்பா.

"நாடி எனக்குத் தெரியும். பேசாம படுங்க" என்றேன். உள்ளே பயம்; அதற்கு மேலே, டாக்டருக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்ட கர்வம்.

மறுநாள் அவரைப் படகேற்றி எர்ணாகுளம் கூட்டிப் போனேன். டாக்டர் சோதித்துவிட்டு, "அச்சனுக்கு ஒண்ணும் இல்ல. மெஷின் நல்லா ஓடுது. நீங்க எப்படி எண்ணினீங்க?" என்றார். பெருமையாகப் பிடித்துக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "கட்டைவிரல்லயும் நாடி உண்டு. இத்தனை நாளும் உங்க துடிப்பைத்தான் எண்ணிட்டு இருந்திருக்கீங்க."

அப்பாவும் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று. சிரித்தபடியே என் மணிக்கட்டைத் தொட்ட டாக்டரின் முகம் மாறியது. உடனே என்னைப் படுக்க வைத்து ஈசிஜி எடுக்கச் சொன்னார். தாளம் தப்பி ஓடிக்கொண்டிருந்தது என் இதயம்தான். மாத்திரை எழுதிக் கொடுத்து, அடுத்த வாரமே மறுபடி வரச் சொன்னார்.

திரும்பும் படகில் அப்பா என்னை ஒட்டி உட்கார்ந்துகொண்டார். தன் நெஞ்சைக் கீறியபோதுகூட அசராத மனிதர், வெளிறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. மெஷினுக்குப் பயம் தெரியாது. அது அவர் நெஞ்சுக்குள் ஒரே சீராக அடித்துக்கொண்டிருந்திருக்கும். அவர் கைதான் கரை சேரும்வரை நடுங்கிக்கொண்டே இருந்தது.