நீளமாக ஒரு விசில்

என் சிநேகிதியை மலையிலே தொலைத்துவிட்டு, அவள் பெயரைக் கத்திக் கத்தித் தொண்டை அடைத்துப் போய் நின்ற ஒரு பின்னேரத்தைப் பற்றித்தான் அடியார்களாகிய உங்களோடு கதைக்க வந்திருக்கிறேன். போன புரட்டாசி மாதம். சுவிஸில் இன்டர்லாக்கனுக்கு மேலே உள்ள ஒரு மலைப்பாதை. பத்தடிக்கு அப்பால் எதுவுமே தெரியாத பனிப்புகார்.

அவள் பெயர் டெனிஸ். அமெரிக்காவில் தென்பக்கத்து ஊர்க்காரி. அவள் எப்படி எனக்குச் சிநேகிதியானாள் என்று முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஆறு வயதில் இங்கே வந்தவள். அப்பாவுக்கு இன்டர்லாக்கனில் ஹோட்டல் குசினியில் வேலை. ஊர்ப் பிள்ளைகளின் இசைக்குழுவில் எனக்கு ட்ரொம்போன் ஊதப் பழக்கினார்கள். அம்மாவின் தம்பி, என் மாமா, அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் கணிதம் படிப்பித்தார். கறுப்பின மக்களை வேறு கல்லூரிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலத்தில், அவர்களுக்கென்றே கட்டிய பழைய கல்லூரி அது. மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் அங்கே படிக்கப் போனேன். போய்ச் சேர்ந்த கிழமையே அந்தக் கல்லூரியின் அணிவகுப்புப் பாண்டில் சேர்ந்தேன்.

சேர்ந்தேன் என்று சுகமாகச் சொல்லிவிட்டேன். ஆவணி மாத வெயிலில் தார் உருகும் மைதானம். முழங்கால் இடுப்பளவுக்கு எழும்ப வேண்டும், ஒவ்வொரு அடிக்கும். பாட்டுத் தாள் கையில் கிடையாது, எல்லாம் மனப்பாடம். அங்கே பந்தாட்டத்தைப் பார்க்க வருகிறவர்களைவிட, இடைவேளையில் எங்களைப் பார்க்க வருகிற சனம்தான் கூட. நாங்கள் மைதானத்துக்குள் இறங்கினால் அரங்கமே எழும்பி நிற்கும். எனக்கு ஒரு இடத்தில் நிற்கத் தெரியாது. "உனக்குக் காலிலை சக்கரமோ?" என்று அம்மா இப்பவும் கேட்பா. அந்தக் காலுக்கு ஏற்ற இடம் கிடைத்துவிட்டது என்று துள்ளினேன்.

ஆனால் அந்தப் பாண்டில் நடக்கப் பழக்கியதைவிட நிற்கப் பழக்கியதுதான் அதிகம். முன்னால் போகும் ட்ரம் மேஜர் நீளமாக ஒரு விசில் ஊதினால், எப்படி இருக்கிறோமோ அப்படியே நிற்க வேண்டும். தூக்கிய கால் தூக்கியபடி. பிறகு எல்லோரும் ஒரே குரலில் "ஸெட்!" என்று கத்துவோம். நின்றாயிற்று என்று அர்த்தம். அடுத்து இரண்டு சின்ன விசில் வரும்வரை அசையக் கூடாது. ஒருநாள் டெனிஸின் மூக்கில் குளவி ஒன்று வந்து குந்தியது. அவள் அசையவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அழுகை வந்தது. நாலு வருடம் வரிசையில் எனக்கு இடப்பக்கம் அவள். தமிழச்சி என்று இங்கே சொல்லுகிறார்கள். அங்கே எனக்குப் பெயர் "சுவிஸ்".

படிப்பு முடிந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஒவ்வொரு இலையுதிர் காலமும் பழைய மாணவர்கள் கூடி, இறுக்கிப் பிடிக்கிற பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க அதே மைதானத்தில் நடப்பார்கள். என்னால் முடிந்த வருடமெல்லாம் நானும் போவேன். இந்த முறை அம்மாவுக்கு இடுப்பில் சத்திரசிகிச்சை. வர ஏலாது என்று டெனிஸுக்குச் சொன்னேன். "நீ வராட்டில் வரிசை உன்னட்டை வரும்" என்றாள். வந்துவிட்டாள்.

அவள் வந்த வாரத்துச் சனிக்கிழமை என் கணவர் அம்மாவோடு வீட்டில் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் மலை ரெயினில் ஏறினோம். மேலே நல்ல வெயில். மாட்டு மணிச் சத்தத்தைக் கேட்டதும் டெனிஸ் போனைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். "நீ போ, நான் இந்தப் பாட்டைப் பதிஞ்சுகொண்டு வாறன்." எனக்கோ கால் நிற்காது. முன்னே நடந்தேன். அந்தப் பாதை அங்கே குதிரை லாடம் மாதிரி வளைகிறது. வளைவின் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து திரும்பிப் பார்க்கிறேன், கீழேயிருந்து புகார் கிளம்பி வருகிறது. பால் பொங்குகிற வேகம். மாடும் இல்லை, மலையும் இல்லை, டெனிஸும் இல்லை.

அவளுடைய அமெரிக்கப் போன் மலையில் வேலை செய்யாது. திரும்பி ஓடினேன். பாதை எது, புல் எது என்று தெரியவில்லை. சறுக்கி விழுந்தேன். எழும்பி வேறு பக்கம் ஓடினேன். நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியாமல் போய்விட்டது. அவசர உதவிக்குப் போன் அடித்தேன், பிறகு கணவருக்கு அடித்தேன். அவர் மீட்புக்காரரோடு கதைத்துவிட்டுத் திருப்பி அடித்தார்.

"புகார் விலகினால்தான் ஹெலிகொப்டர் வருமாம், ஆக்கள் நடந்து வெளிக்கிட்டிருக்கினம்" என்றார். "நீர் அங்கையும் இங்கையும் ஓடாதையும். நிண்ட இடத்திலை நில்லும்."

"அவள் என்னை நம்பி வந்தவள். எப்பிடி நிக்கிறது?"

"நீரும் விழுந்தால் என்ன செய்யிறது? முருகனைக் கும்பிட்டுக்கொண்டு நில்லும்."

நிற்கவில்லை. கத்தினேன். "டெனிஸ்! இங்கை வா! இங்கை!" தமிழிலும் ஆங்கிலத்திலும் கத்தினேன். ஒருதரம் தூரத்தில் அவள் குரல் கேட்ட மாதிரி இருந்தது. அது எந்தப் பக்கம் என்று பிடிபடவில்லை. இன்னும் பலமாகக் கத்தினேன். வா, வா என்று ஒரேயடியாகக் கத்தினேன். தொண்டை போய்விட்டது. அவளுக்கு இரண்டு பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளிடம் நான் என்ன முகத்தோடு கதைப்பேன் என்ற ஒரே நினைப்பு.

அப்போதுதான் அழுதேன். "முருகா, அவளை என்னட்டைக் கொண்டு வா. வேறை ஒண்டும் வேண்டாம். இப்பவே என்னட்டைக் கொண்டு வா." கழுத்துச் சங்கிலியில் நான் எப்போதும் ஒரு சின்ன வேல் போட்டிருப்பேன். அதைப் பிடிக்கத்தான் நெஞ்சுக்குக் கையைக் கொண்டுபோனேன். குளிருக்குப் போட்ட ஜாக்கெட், அதன்மேல் முதுகுப்பையின் பட்டி. வேல் கைக்கு அகப்படவில்லை. விறைத்த விரலில் பட்டியின் கொளுக்கிதான் அகப்பட்டது. அதன் ஓரத்தில் ஒரு துளை. தடவிப் பார்க்கிறேன், விசில்! அந்தப் பையை எத்தனையோ வருடமாகச் சுமக்கிறேன். அதில் ஆபத்துக்கு ஊதவென்று ஒரு விசில் இருக்கிறதென்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

யோசித்து ஊதியதென்று சொன்னால் பொய். குரல் போய்விட்டது, சத்தம் வேண்டும், அவள் என்னிடம் வர வேண்டும். அவ்வளவுதான் மனதில். மூச்சு இருந்தமட்டும் ஊதினேன். நீளமாக, ஒரே ஊதலாக.

புகாருக்குள்ளிருந்து அடிவயிற்றுக் குரலில் பதில் வந்தது.

"ஸெட்!"

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அப்படியே புல்லில் குந்திவிட்டேன். கொஞ்சத்தில் காற்றடித்து, புகார் ஒரு பக்கமாக விலகியது. அப்போது பார்த்தேன். அவள் எனக்கு நேரே எதிரே நிற்கிறாள். எனக்கும் அவளுக்கும் நடுவே பாதை இல்லை. பள்ளம். புல்லுச் சரிவு, அதற்குக் கீழே பாறை, அதற்குக் கீழே என்னவென்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சரிவின் விளிம்பில் டெனிஸ். ஒரு கால் முன்னே தூக்கியபடி.

நான் "வா, வா" என்று கத்தியபோதெல்லாம், என் குரலைப் பிடித்துக்கொண்டு நேரே அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்துகொண்டிருந்திருக்கிறாள்.

மறுபடி புகார் மூடியது. ஆனால் பாதை எந்தப் பக்கம் வளைகிறது என்று அந்த இடைவெளியில் பார்த்துவிட்டேன். "அசையாதை!" என்று இருந்த குரலில் ஒருதரம் கத்திவிட்டு, கையால் புல்லைத் தடவித் தடவி வளைவைச் சுற்றிப் போனேன். வாழ்க்கையில் அவ்வளவு மெதுவாக நான் நடந்ததில்லை. "முருகா, அவள் நிக்கட்டும்" என்பதே என் செபம். கொஞ்சம் முன்தான் அவளைக் கொண்டு வா என்று அழுதவள் நான்.

போய் அவள் முழங்கையைப் பிடித்தேன். முன்னே தூக்கிய கால் இப்போது பின்னால் ஊன்றியிருந்தது. பாதை பக்கமாக இழுத்தேன். அசையவில்லை.

"விசில்" என்றாள்.

இரண்டு சின்ன விசில் ஊதினேன். அப்போதுதான் பின்னால் ஒரு அடி வைத்தாள். புல்லில் விழுந்து இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். "காலைப் பின்னாலை வைச்சிட்டன், ட்ரம் மேஜரிட்டைச் சொல்லிப்போடாதை" என்று அழுகைக்குள்ளே சிரித்தாள். மீட்புக்காரர் வந்து சேரும்வரை அங்கேயே இருந்தோம். கேட்டால் நம்பமாட்டீர்கள், நான் இருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளை அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவள், ஆனால் நன்றி சொல்லி நான் செய்விக்கும் அர்ச்சனைக்குத் தானும் வருவேன் என்று சேலை உடுத்தாள். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அவளுக்கு எங்கே தெரியும்! "சுவாமி பேருக்குச் செய்யுங்கோ ஐயா" என்றேன். தவில் முழங்கத் தொடங்கியதும் அவளுடைய முழங்கால் தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. பக்கத்தில் நின்ற அக்கா ஒருவர் சிரித்தார்.

தீபாராதனை முடிந்ததும் என் காதோடு கேட்டாள், "அண்டைக்கு மலையிலை நீ இவரிட்டை என்ன கேட்டனீ?"

"உன்னை என்னட்டைக் கொண்டு வரச் சொல்லி."

டெனிஸ் முருகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நல்லகாலம்" என்றாள். "அவர் உன்ரை சொல்லைக் கேக்கேல்லை."

அன்றிலிருந்து நான் கோயிலில் சுற்றுப்பிரகாரத்தை ஓட்டமாக ஓடி முடிப்பதில்லை. இதைத் தா, இப்பவே தா என்று பட்டியல் போடுவதும் இல்லை. சந்நிதியில் நிற்கிறேன். கால் துடிக்கும், நிற்கிறேன். உங்களில் யாராவது என்னைப்போல, கேட்டது வரவில்லையே என்று தவித்து அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தால், ஒருதரம் அவன் முன்னே வந்து நின்று பாருங்கள். உங்களுக்கு முன்னால் என்ன இருக்கிறதென்று உங்களுக்குத் தெரியாது, அவனுக்குத் தெரியும். இரண்டு சின்ன விசில் வரும்வரை நில்லுங்கள். நானும் பக்கத்தில் நிற்கிறேன்.